பெரட்டு ஐயாவும் பதினொரு கழுதைகளும்

கண்டி மாவட்டத்தில், பிந்தி வந்த கழுதைக்கு அரைப்பேர் போட்ட ஒரே மனிதர் பெரட்டு ஐயாதான். எனக்குத் தெரிந்து இங்கே வேறு கழுதைக் காப்பகம் இல்லாததால், இதை அடித்தே சொல்லலாம்.

ஹேவாஹெட்டப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் முப்பத்தெட்டு வருடம் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்குத் தோட்டத்தில் பெரட்டு என்று பெயர். நேரத்துக்கு வந்தால் முழுப்பேர், முழுநாள் சம்பளம்; பிந்தினால் அரைப்பேர், பாதிதான். ஓய்வு பெற்று அம்பிட்டியவில் மகள் வீட்டுக்கு வந்தவர், கூப்பிட ஆளில்லாமல் மெலிந்துபோனார். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வளவில் ஒரு தர்மக் காப்பகம், மன்னார் வீதிகளில் வாகனம் மோதிய பதினொரு கழுதைகளைக் கொண்டுவந்து இறக்கியது. மறுநாள் காலை ஆறரைக்கு ஐயா பெயர் எழுதும் கொப்பியோடு நின்றார்.

நான் அங்கே தினமும் ஒரு மணி நேரம் மருந்துக் கொப்பி எழுதுகிறவன். ஒழுங்கில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று அதுவரை நினைத்திருந்தேன்.

ஒருநாள் மூக்காயி என்ற கழுதை ஏழு நிமிடம் பிந்தி வந்தது.

"மணி என்னா? வெத்தல பாக்கு வச்சு அழைக்கணுமா? அரைப்பேர்!" தவிட்டு வாளி பாதியானது.

"ஐயா, இதுகளுக்கு வேலையே இல்லையே. எதுக்குப் பிந்துறது?"

"வேல இல்லாட்டியும் வேலைக்கு வரணும்ங்க. இல்லாட்டி மனுசன் கெட்டுருவான்."

"இது கழுதைங்க."

"பேர் இருக்குல்ல?"

பௌர்ணமிப் போயா தினங்களில் லீவும் கொடுத்தார். லீவு என்று அறிவிப்பதற்காக அன்றும் பெரட்டு நடந்தது.

அப்போதுதான் ராணியின் குளம்பு சீழ் பிடித்தது. ஏழு நாள் மாத்திரை. வாழைப்பழத்துக்குள் வைத்துக் கொடுக்க வேண்டும். ஐயா பெயர் கூப்பிட்ட பிறகுதான் ராணி வாய் திறப்பாள். மூன்றாம் நாள் மாலை ஐயாவை ஹேர்னியா சத்திரசிகிச்சைக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள்.

அக்குறணையிலிருந்து வரும் மிருக டொக்டர் என்னிடம் சொன்னார்: "மருந்து நடுவுல நிக்கக் கூடாது. நின்டா, பொறகு அவவக் காப்பாத்த ஏலாது."

நான்காம் நாள் நானே கூப்பிட்டேன். "ராணி, வாங்கம்மா." ராணி முதுகைக் காட்டினாள். பழத்தை வாயருகே கொண்டுபோனேன். கொப்பியில் எழுதினேன்: 'காலை 6.41. பழம் உண்டது. மாத்திரை துப்பியது.'

ஐயாவுக்குப் போன் போட்டேன்.

"கெஞ்சினீங்களா?"

"கொஞ்சம்."

"கெட்டுச்சு போங்க. இன்னொரு பழத்துல வைங்க. போனை அவ காதுகிட்டப் புடிங்க." பிறகு தொண்டையைச் செருமினார். "ராணீ!"

முதல் பதில் ராணியிடமிருந்து வரவில்லை. வார்ட்டில் பக்கத்துக் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த யாரோ ஒரு தோட்டத்துக் கிழவர் பதறி எழுந்து, "இருக்கேங்க!" என்றார்.

"ஒனக்கு ராணின்னா பேரு? படுப்பா!" என்று அவரை அடக்கிவிட்டு, ஐயா மறுபடி கூப்பிட்டார். நர்ஸ் அதட்டும் சத்தம் கேட்டது. அதற்கு மேலாக ராணி கத்தினாள். மூன்று காலால் நொண்டியபடி என் பக்கம் திரும்பி, மாத்திரையோடு பழத்தை விழுங்கினாள்.

மிச்சம் மூன்று நாளும் தொலைபேசிப் பெரட்டுத்தான். கடைசி நாள் போனைப் பிடித்துக் கொடுத்ததே அந்த நர்ஸ்தானாம். குளம்பு ஆறியது.

ஆஸ்பத்திரிக்குப் போன பன்னிரண்டாம் நாள் காலை ஐயா, மகளின் தோளைப் பிடித்தபடி மெல்ல வந்து சேர்ந்தார். என்னிடமிருந்து பெரட்டுக் கொப்பியை வாங்கிப் புரட்டினார். பதினொரு பெயருக்குக் கீழே ஒவ்வொரு நாளும் பன்னிரண்டாவதாக ஒரு பெயர் இருந்தது: 'பெரட்டு ஐயா – சுகயீனம்.'

"யாரு எழுதினது?"

நான் கொப்பியைத் திருப்பி வாங்கி, என்னால் முடிந்த அதட்டலோடு கூப்பிட்டேன். "பெரட்டு ஐயா!"

மகளின் தோளை விட்டார். நிமிர்ந்து நின்றார். "இருக்கேங்க."

மணி 6.52. இருபத்திரண்டு நிமிடம் தாமதம். முழுப்பேர் போட்டேன்.