வெங்காயத் தோலும் என் நேர்ச்சையும்

இனி இந்த வீட்டில் நுணுக்கமான பார்வை லினெட்டுக்கு மட்டும் சொந்தமில்லை என்று முடிவு கட்டினேன். என் மனைவி இருபது வருஷமாக பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் மைக்ராஸ்கோப் வைத்துக் கம்ப்யூட்டர் சிப்புகளில் குறை கண்டுபிடிப்பவள். வீட்டுக்கு வந்தால் மைக்ராஸ்கோப் இல்லாமலே என்னிடமும் என் சனிக்கிழமைத் தூண்டில் பைத்தியத்திலும் கண்டுபிடிப்பாள்.

ஆகவே ரகசியமாக ஒரு பழைய மைக்ராஸ்கோப் வாங்கினேன். கண் வைத்துப் பார்க்கும் மேல் லென்ஸ் ஜெர்மன்காரன் செய்தது. கீழ் லென்ஸ் உடைந்திருந்ததால், ஜப்பான்காரனுடையதைத் திருகினேன். கச்சிதமாகப் பொருந்தியது. அப்படியே ஒளித்து வைத்து, இரண்டு நாள் கழித்து வெங்காயத் தோலை வைத்துப் பார்த்தேன். ஓரத்தில் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் நீலம்!

கண் போச்சு! அடுத்த கண்ணால் பார்த்தேன். அதுவும் போச்சு! ஐம்பத்திரண்டு வயதில் குருடாகப் போகிறேன்! ரகசியமாவது, மண்ணாங்கட்டியாவது! “லினெட்!” என்று அலறினேன்.

வந்தாள். குனிந்து பார்த்தாள்.

“உங்களுக்குக் கலர் கலராவா தெரியுது?”

“ஆமாம்மா! கண்ணு போயிருச்சு!”

“பதறாதீங்க லா. புனித அன்னாள்கிட்ட நேர்ந்துக்குங்க. ரொம்பப் பிடிச்சத விடணும். அப்பத்தான் கேப்பாங்க.”

புக்கிட் மெர்தாஜாம் கோயில் அன்னாளிடம் நேர்ந்துவிட்டு எங்கள் குடும்பத்தில் யாரும் பின்வாங்கியதில்லை. முட்டி போட்டேன்.

“அன்னாளே, கண்ணு தெளிஞ்சா இனி சனிக்கிழமை நிபோங் திபால் ஆத்துக்குத் தூண்டில் போடப் போகமாட்டேன். லினெட் பசார்ல வாங்குற மீனை நானே ஆய்ஞ்சு தர்றேன். ஆயுசுக்கும்! ஆமென்.”

லினெட் கைப்பையிலிருந்து வேறொரு மேல் லென்ஸை எடுத்து மாட்டினாள்.

“இப்பப் பாருங்க.”

சிவப்பும் இல்லை, நீலமும் இல்லை. அழுதேவிட்டேன். “அற்புதம்!”

“அற்புதமெல்லாம் இல்ல. ஜெர்மன்காரன் கீழ் லென்ஸ் கொஞ்சம் கலர் சிந்தும். அதத் துடைக்க மேல் லென்ஸ்ல எதிர்க்கலர் வச்சிருக்கான். ஜப்பான் லென்ஸ் சிந்தவே சிந்தாது. துடைக்க ஒண்ணுமில்லாம அந்த எதிர்க்கலர்தான் உங்களுக்குத் தெரிஞ்சது. நீங்க ரெண்டையும் சேத்து மாட்டி ஒளிச்சு வச்சத முந்தாநாளே பாத்துட்டேன். ஃபேக்டரில கூட வேலை பாக்குற ஷஹீராகிட்ட ஜப்பான் மேல் லென்ஸ் இரவல் வாங்கிட்டு வந்தேன்.”

“அப்ப என் கண்ணு?”

“நல்லாத்தான் இருக்கு.”

அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது. அந்த நிம்மதியில் மூளை வேலை செய்ய அரை நிமிஷம் ஆனது.

“கண்ணு கெடவே இல்லையே! அப்ப நேர்ச்சை செல்லாதுல்ல?”

“அத அன்னாள்கிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க.”

அந்தத் தைரியம் எனக்கு ஏது? கண் பிழைத்ததே பெரிய விஷயம். தியாகி மாதிரி எழுந்தேன்.

“சரி, தூண்டிலை எடுத்துக் கட்டி வைக்கிறேன்.”

“எங்க இருக்கு கட்ட? அத நேத்தே எங்க பேட்ரிக் அண்ணன்கிட்ட கொடுத்துட்டேன் லா.”