கண்ணில் ஒற்றிய தில்லைக்கொத்து

'தெரியாது' என்று சொல்ல எனக்கு நாக்கு வளைந்ததே இல்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு அதுதான் மானம் என்று நினைத்திருந்தேன்.

அறுபதுகளில் ஒரு கோடை. கடலூர் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலை நின்றுபோய், சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் படுத்துக் கிடந்தேன். (பசி பழகியதுதான், கொசுதான் ஜாஸ்தி.) அங்கே பழக்கமான மீன்காரர் ஒருவர் என்னைப் பிச்சாவரத்துக்குக் கூட்டிப்போனார். மாமா என்று கூப்பிடுவேன். சுரபுன்னைக் காட்டுக்குள் பறவை பார்க்க வருகிறவர்களைத் தோணியில் ஏற்றிப்போவார். ஒரு வாரம் கூடப் போய்க் கழி ஊன்றித் தோணி தள்ளப் பழகினேன். எட்டாம் நாள் மாமாவுக்குக் காய்ச்சல். தோணியை என்னிடம் விட்டவர் ஒன்றே ஒன்று சொன்னார்: "தில்லை மரத்துல மட்டும் கை வெக்காத."

ஏன் என்று நான் கேட்கவில்லை. சிதம்பரம் கோயிலின் தலமரமாயிற்றே, மரியாதைக்குச் சொல்கிறார் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

அன்று வந்தது கடலூர் குமாஸ்தா ஒருவரும் அவர் மனைவியும். காட்டுக்குள் போகப் போக ஒவ்வொரு பறவைக்கும் பெயர் சொன்னேன். (இரண்டு பெயர் நானே வைத்தவை.) தில்லை எது, பூசைக்கு ஒரு கொத்து கிடைக்குமா என்று அந்த அம்மா கேட்டார். சாமி காரியம்தானே என்று ஒடித்தேன். பால் வடிந்தது. என் பக்தியையும் காட்டிவிட வேண்டாமா? கொத்தை இரண்டு கண்ணிலும் அழுத்தி ஒற்றிக்கொண்டு நீட்டினேன். அவர் வாங்கித் தன் கண்ணருகே கொண்டுபோன நேரத்தில் நான் அலறினேன். கொத்து தண்ணீரில் விழுந்தது.

அந்தப் பால் பட்டுக் கண்ணுக்குள் யாரோ அடுப்பு மூட்டியது போலிருந்தது. சுற்றிலும் உப்புத் தண்ணீர். அவர்கள் குடிக்கக் கொண்டுவந்த கூஜாத் தண்ணீர் முழுவதையும் அந்த அம்மா என் கண்ணில் ஊற்றினார். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. இனி எப்போதுமே தெரியாதோ என்று நடுங்கினேன். பேனா மட்டுமே பிடித்த குமாஸ்தா வேட்டியை மடித்துக் கட்டிக் கழியைப் பிடித்தார். நான் தோணியில் மல்லாந்து கிடந்தபடி வழி சொன்னேன்.

"இடது பக்கம் திருப்புங்க சார்."

"கண்ணுதான் தெரியலியே, எப்பிடிய்யா சொல்ற?"

"வழி தெரியும் சார்."

வெகு நேரம் கழித்து அந்த அம்மா வறண்ட தொண்டையோடு சொன்னார்: "என்னங்க, இந்தக் கொக்க நாலாவது தடவயா பாக்குறோம்."

"வழியும் தெரியாதுங்கம்மா" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவை.

கடைசியில் வலை போட்டுக்கொண்டிருந்த ஒருவர் எங்களைக் கரை சேர்த்தார். மூன்றாம் நாள் எனக்குப் பார்வை திரும்பியது. அடுத்த ஞாயிறு அந்த அம்மா புதுச்சட்டை ஒன்றோடு வந்தார். "அன்னிக்கு நீ கத்தலேன்னா என் கண்ணு போயிருக்கும் தம்பி." மாமா பக்கத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாவுக்காக நான் கத்தவில்லை. ஆனாலும், "பரவால்லீங்கம்மா" என்று சட்டையை வாங்கிக்கொண்டேன். கண் எரிந்ததைவிட அதுதான் இன்னும் எரிகிறது.

ஒருநாள் மனம் பொறுக்காமல் இதையெல்லாம் மனைவியிடம் சொல்லித் தொலைத்தேன். இப்போது கோயிலிலிருந்து பூவோ துளசியோ வந்தால் வீட்டில் யாரும் தொடுவதில்லை. மனைவி பிள்ளைகளிடம் சொல்லிவிடுவாள்:

"மொதல்ல அப்பா கண்ணுல ஒத்திக்கட்டும். அவரு கத்தலேன்னா நாம எடுத்துக்கலாம்."