சாட்சியக்காவின் சூப்பர்வைசர் பதவி

சாட்சியக்காவிடம் ஒரு சொல் சொல்லிவிட்டு அதை மாற்றி லேசில் தப்பித்தவர் மைசூர் முழுக்கத் தேடினாலும் கிடைக்க மாட்டார். எங்கள் ஊதுபத்திக் கம்பெனியில் அவள் பேக்கிங் பிரிவு. நான் பக்கத்து அறையில் கணக்கெழுதுபவன். ஆட்டோக்காரர் சாயங்காலம் வருகிறேன் என்றால் போதும், தெருவில் போகிற யாரையாவது நிறுத்தி, அவர் சொன்னதைக் கேட்டுக்கொள்ளச் சொல்வாள். மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் வரதட்சணை வேண்டாம் என்றபோது, அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு, மாப்பிள்ளையின் அப்பாவை இன்னொரு முறை சொல்ல வைத்தாளாம். கல்யாணம் நின்றுவிடும் என்று பயந்தார்கள். நிற்கவில்லை.

போன ஆயுத பூஜையன்று முதலாளி உற்சாகத்தில், அடுத்த மாதத்திலிருந்து அவள்தான் சூப்பர்வைசர் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அடுத்த மாதம் அந்த நாற்காலியில் அவருடைய மச்சினன் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு ஊதுபத்தி வாசனை பட்டாலே தும்மல்.

வேலையை விடு, லேபர் ஆபீசுக்குப் போ என்று ஆளுக்கொரு யோசனை சொன்னோம். அவள் ஒரு வக்கீலைப் பார்த்தாள். வாய்வார்த்தையை நிரூபிப்பது கஷ்டம், முதலில் நேரில் கேளுங்கள், சாட்சி இருந்தால் நல்லது என்றார் அவர். சாட்சி என்றதும் அக்காவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

அடுத்த திங்கட்கிழமை முதலாளி அறைக்குள் நுழைந்தாள். அவளுக்குப் பின்னால், ஆயுத பூஜையன்று முதலாளி சொன்னதைக் கேட்ட அர்ச்சகர், பூக்காரம்மா, லாரி டிரைவர். பூஜையில் நின்ற மாதிரியே அவர்களை நிறுத்தி, அர்ச்சகர் கையில் திருஷ்டி சுற்றுகிற ஒரு பூசணிக்காயையும் கொடுத்தாள்.

"ஏனுங்க சார், நான்தான் சூப்பர்வைசருன்னு சொன்னீங்ளா, இல்லீங்ளா?"

முதலாளி அர்ச்சகரைப் பார்த்தார். முதலாளி சொன்னது உண்மைதான் என்ற அர்ச்சகர், அன்று அவர் பேச்சு முடியும்வரை காயைத் தூக்கி நின்றதில் தோள் பிடித்துக்கொண்டதையும் சேர்த்துச் சொன்னார்.

"நோடம்மா, இங்க பாரும்மா, ஏதோ சந்தோஷத்துல சொல்லிட்டேன்" என்றார் முதலாளி.

"சரிங்க. எப்பத் தருவீங்கன்னு எழுதிக் குடுங்க."

அவர் மறுத்தார். அவள் குரலை உயர்த்தவில்லை. அப்படியானால் இத்தனை வருஷம் வேலை பார்த்ததற்கு அனுபவச் சான்றிதழ் வேண்டும் என்றாள். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க அதை மட்டும் அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அந்தச் சான்றிதழைக் காட்டி இப்போது அக்ரஹாரம் பக்கம் வேறொரு ஊதுபத்திக் கம்பெனியில் அக்கா சூப்பர்வைசர். வேலைக்கான உத்தரவை எல்லோருக்கும் கேட்கும்படி அந்த முதலாளியையே வாசிக்க வைத்த பிறகுதான் உள்ளே காலெடுத்து வைத்தாளாம்.

அந்தத் தெரு எனக்குச் சுற்றுவழி. இருந்தாலும் காலையில் அப்படித்தான் போகிறேன். யாரையாவது அவள் அதட்டுகிற குரல் காதில் விழும்வரை ஸ்கூட்டரை மெதுவாக ஓட்டுகிறேன்.