ஜிபூத்தியார் கொண்டுவந்த உறவுமுறை

வில்லியனூரில் என்னைப்போல மானம் போன பெண் ஒருத்தி பிறந்திருக்க மாட்டாள். காரணம் என் தாய்மாமன் ஜிபூத்தியார். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. பிரெஞ்சுக்காரன் பட்டாளத்துக்குச் சமைத்துப்போட செங்கடல் பக்கத்து ஜிபூத்தி துறைமுகத்துக்குப் போனவர், திரும்பும்போது அந்த ஊர்ப் பெயரையும் ஒரு மூட்டை அரபு வார்த்தைகளையும் கொண்டுவந்துவிட்டார்.

மூட்டை பூராவும் உறவுமுறைதான். சந்தையில் மீன்காரியை "யா உக்தி" என்பார். அவள் அரிவாளைத் தூக்கினால், 'என் தங்கச்சி' என்றுதானே கூப்பிட்டேன் என்று விளக்கம் வேறு. கூட நிற்கிற நான் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது? ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்பவர்களையும் விடமாட்டார்.

"வெள்ளக்காரனுக்குச் சித்தப்பன், மாமன் எல்லாரும் ஓங்கிள்தாம்பா. அரபிக்காரன் நம்பள மாரி. அப்பங்கூடப் பொறந்தவன் அம், அம்மாகூடப் பொறந்தவன் ஹால். வேற வேற."

அதற்குள் ரயில் போயிருக்கும். தவறவிட்டவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவைத் திட்டிவிட்டுப் போவார்கள்.

இதெல்லாம் போகட்டும். எனக்கு நிச்சயதார்த்தம் வந்தது. மாப்பிள்ளை பாகூர், கரும்புக் கொல்லைக்காரர் வீடு. வந்த வரனெல்லாம் தட்டிப்போய்க் கடைசியில் அமைந்த இடம். இதுவும் போனால் என்னாகும் என்று அம்மா சோறு தண்ணி இறங்காமல் கிடந்தாள். தாய்மாமன் இல்லாமல் தட்டு மாற்ற முடியாதே! அப்பா அவரைச் சபையில் உட்காரவைத்து, வாயை மட்டும் திறக்காதே என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

திறந்தார். அரபு நாட்டில் புருஷன் பெண்டாட்டியை 'பிந்த் அம்' என்று கூப்பிடுவான், அதைவிட மரியாதை கிடையாது, நீங்களும் அப்படியே கூப்பிடுங்கள் என்று மாப்பிள்ளையிடம் பாசமாகச் சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம். அர்த்தமும் சொன்னார்: சித்தப்பா மகள். அங்கே அவளைக் கட்டிக்கொள்ளத்தான் ஆணுக்கு முதல் உரிமையாம்.

மாப்பிள்ளையின் அம்மா எழுந்துவிட்டார்.

"சித்தப்பன் பொண்ணுன்னா தங்கச்சி மொற இல்லியா? இன்னா பேச்சு இது? எம் புள்ள தங்கச்சியயா கட்டிக்கினு போவணும்?"

கதவுக்குப் பின்னால் பட்டுப்புடவையோடு நான் செத்தேன். அபசகுனம், கிளம்பலாம் என்கிறார்கள் அவர்கள். அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

ஜிபூத்தியாருக்கு அப்போதுதான் உறைத்தது. தடாலென்று அந்த அம்மாளின் காலில் விழுந்தார்.

"எந்தப்பு தாயே. இனிமே அந்தப் பாஷ என் வாயில வராது. புள்ளய வுட்டுடாதீங்க."

அவ்வளவு பெரிய பட்டாளத்து மீசை தரையில் புரண்டதைப் பார்த்து அந்த அம்மாள் மனசு இளகி உட்கார்ந்தார். தட்டு மாறியது.

சொன்ன சொல்லைக் காப்பாற்றித் தொலைத்தார் மனிதர். சந்தை, ஸ்டேஷன், எங்கேயும் மூச்சு விடவில்லை. மீன்காரியே வீடு தேடி வந்து, அவருக்கு உடம்புக்கு ஆகவில்லையா என்று விசாரித்தாள். கல்யாணத்தில் தாய்மாமன் மாலையைப் போட்டுவிட்டு, தப்புச் செய்த பிள்ளை மாதிரி ஓரமாக நின்றார்.

பாகூருக்கு வண்டி கட்டியாயிற்று. நான் ஏறும்போது கிட்டே வந்தார். என் மாமியாரை ஒரு தரம் பார்த்துக்கொண்டு, "போய்ட்டு வாம்மா" என்றார், எல்லாரையும் போல.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அரபியில் ஒரு வசவாவது வைது அனுப்பியிருக்கலாம், என் மாமன்.