சூசைப்பிள்ளை வீட்டு இரும்புப் பெட்டி

இரும்புப் பெட்டி வாசலுக்குள் நுழைய மறுத்தது.

நிமிர்த்தித் தள்ளிப் பார்த்தார்கள். சரித்துத் தள்ளிப் பார்த்தார்கள். முதுகைக் காட்டியும் தள்ளிப் பார்த்தார்கள். சூசைப்பிள்ளையின் வீட்டு வாசல் மனுசர் போய்வரக் கட்டியது. வெள்ளைக்காரனின் நேவி தன் சம்பளக் காசை வைக்கச் செய்வித்த பெட்டி அதற்குள் எப்படிப் போகும்?

“அண்ணன், நான் ஒண்டு சொல்லட்டா?” என்றான் வண்டிக்காரன் பக்கீர். மாட்டை அவிழ்த்துவிட்டு வேலியோரம் நின்று பீடி குடித்துக்கொண்டிருந்தான்.

“ஒண்டும் சொல்ல வேண்டாம். நீ மாட்டைப் பார்.”

“இல்லண்ணன், இந்தப் பெட்டியப் பத்தி எனக்கு...”

“சங்கத்தில ஒரு சதம் போடாத ஆளுக்குப் பெட்டியைப் பற்றி என்ன கதை?” என்று சூசைப்பிள்ளை சீறினார்.

பக்கீர் பீடியை இன்னொரு இழுப்பு இழுத்தான். அவர் சொன்னது உண்மைதான். துறைமுகப் பக்கத்தில் கையில் நாலு காசு உள்ள எல்லாரும் சங்கத்தில் சேர்ந்திருந்தார்கள். சேராதவன் பக்கீர் ஒருவன்தான். ஏன் என்று கேட்டால் சிரித்துவிட்டு மாட்டைத் தட்டுவான்.

துறைமுக நல்லெண்ணச் சகாய நிதிச் சங்கத்தின் கதவு போன திங்கட்கிழமை திறக்கவில்லை. செக்கிரட்டரி இரத்தினசிங்கம் ஒரு கையெழுத்து வாங்கக் கொழும்புக்கு ரயில் ஏறியவர், கையெழுத்தும் அனுப்பவில்லை, தானும் வரவில்லை. நேவி கப்பலேறி இரண்டு வருஷம். டொக்யார்டில் வேலை போனவர்களுக்குக் கிடைத்த கைக்காசு முழுவதும் அந்தச் சங்கத்தில்தான் கிடந்தது.

வங்கி இருக்கச் சங்கத்தை ஏன் நம்பினார்கள் என்று கேட்பீர்கள். எல்லாம் இந்தப் பெட்டியால் வந்த வினை. வங்கியில் கம்பிக்குப் பின்னால் ஒரு சிடுமூஞ்சிக் கிளாக்கர்தான் தெரிவார். சங்கத்திலோ செக்கிரட்டரியின் முதுகுக்குப் பின்னால் ஆளுயரத்துக்குச் சாம்பல் நிறப் பெட்டி நிற்கும். வெள்ளிக்கிழமையானால் அதற்கு மல்லிகை மாலையும் ஊதுபத்தியும் உண்டு. இரத்தினசிங்கம் காசை வாங்கி மேசை லாச்சியில் போடுவார். பிறகு எழும்பிப் பெட்டியின் தலையில் தொம்மென்று ஒரு தட்டுத் தட்டுவார்.

“பின்னேரம் உள்ளுக்குப் போயிடும். யோசிக்காமப் போங்கோ.”

அந்தத் தொம் சத்தத்தைக் கேட்டால் சனத்துக்கு வயிறு நிறைந்துவிடும். காசு திருப்பிக் கேட்டு வந்தவர்களுக்கும் லாச்சியிலிருந்துதான் எடுத்துக் கொடுப்பார். “சின்னக் காசுக்குப் பெட்டி திறக்கிறேல்லை. உப்புக் காத்துப் பட்டால் நோட்டுப் பழுதாப் போகும்,” என்பார். என்ன கவனமான மனுசன் என்று ஊரே மெச்சியது.

சங்கம் பூட்டியதும் கட்டிடத்தின் சொந்தக்காரர் வாடகை பாக்கி என்று பெட்டியைத் தெருவில் இறக்கப் போனார். பொலிசார் வந்து அதன் அகலத்தைப் பார்த்து, ஸ்டேஷனில் இடமில்லை என்று கையை விரித்தார்கள். ஊர்த் தலைமைக்காரரான விதானையார் மட்டும் கடமை தவறாமல் பெட்டிக் கதவில் சிவப்பு அரக்கு உருக்கி ஊற்றி, அரசாங்க முத்திரை குத்தினார். கொழும்பிலிருந்து அதிகாரி வரும்வரை ஒருவரும் தொடக்கூடாது. சரி, எங்கே வைப்பது?

“என்ர வீட்டில வையுங்கோ,” என்று ஒரு குரல் கேட்டது. அது தன்னுடைய குரல் என்று சூசைப்பிள்ளைக்குப் பிறகுதான் விளங்கியது.

அவருக்கு வேறு வழி தெரியவில்லை. டொக்யார்டில் இருபத்தெட்டு வருஷம் கப்பலின் அடிவயிறு சுரண்டிச் சேர்த்த காசு உள்ளே கிடக்கிறது. மகள் கிறிஸ்டினின் கலியாணம் அந்தக் காசில்தான் நடக்கவேண்டும். கோயிலில் கலியாண அறிவித்தல் முதல் ஞாயிறு வாசித்தாகிவிட்டது, இன்னும் இரண்டு ஞாயிறுதான் பாக்கி. காசைக் கையில் எடுக்க முடியாவிட்டாலும் ஒரே கூரைக்குக் கீழேயாவது கிடக்கட்டும் என்று நினைத்தார்.

“சுவரை இடியுங்கோ,” என்றார், வாசலில் நுழையாமல் நின்ற பெட்டியைப் பார்த்து.

குசினிக்குள்ளிருந்து மனைவி சீலா ஓடிவந்தாள். “இஞ்சேருங்கோ! அது என்ர அப்பு எனக்குச் சீதனமாத் தந்த வீடு!”

“பெட்டிக்குள்ள கிடக்கிறது உம்மட மகளின்ர சீதனம்.”

சுவர் விழுந்தது, பெட்டி உள்ளே போனது. சீமெந்து நிலம் வெடித்து ஒரு மூலை உள்ளிறங்கியதில், பெட்டி வீட்டுக் கதையை ஒட்டுக்கேட்பதுபோல் ஒரு பக்கம் சரிந்து நின்றது.

மறுநாளே ஊர் கதைக்கத் தொடங்கியது. சூசைப்பிள்ளை ஏன் வலியக் கேட்டுப் பெட்டியை ஏற்றிக்கொண்டு போனார்? சுவரை இடிக்கிற அளவுக்கு என்ன அவசரம்?

“சந்தேகமெண்டால் காவலுக்கு ஆள் போடுங்கோ,” என்று அவர் ரோசத்தோடு சொன்னார்.

சொன்ன வாய் மூடுமுன் இரண்டு பேர் பாயோடு வந்துவிட்டார்கள். அந்த இருவரையும் நம்பாமல் அவர்களைக் காவல் காக்க வேறு இருவர் வந்தார்கள். சும்மா இருப்பவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்காமல் இருக்க முடியுமா? தேத்தண்ணியோடு பாணும் போனது, பாணோடு சம்பலும் போனது. மூலைக்கடையில் சீனிக்குக் கடன் ஏறியது. சொந்த வீட்டுக்குள் போய்வர சூசைப்பிள்ளை நாலு பேரின் கால்களைத் தாண்டவேண்டியிருந்தது.

இடியப்பம் அவித்து விற்கும் நஜ்முன் நிஸா மட்டும் காவலுக்கு வரவில்லை, பெட்டியைப் பார்க்கத்தான் வந்தாள். புருஷனைக் கடல் கொண்டுபோன பிறகு சதம் சதமாகச் சேர்த்தவள். வெறுங்கூடையை நிலத்தில் வைத்துவிட்டு, முக்காட்டை ஒதுக்கிக் காதைப் பெட்டியில் வைப்பாள்.

“அண்ணன், காசு கிடந்தாச் சத்தம் கேக்குமா?”

“நோட்டுக் காசு சத்தம் போடாது, தங்கச்சி.”

“ஒரு சத்தமும் கேக்கல்ல. அப்ப உள்ளுக்குத்தான் கிடக்கு,” என்று ஆறுதலோடு எழும்பிப் போவாள். அவள் போனபிறகு சூசைப்பிள்ளை, யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்துத் தானும் காதை வைத்துக் கேட்பார்.

வண்டிக்கூலியில் பாக்கி வாங்க வந்த பக்கீர் வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தான். பாயில் நாலு பேரும் பெட்டியில் ஒரு பூட்டும் கண்ணில் பட்டதும் அவனுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

“இதுக்குப் போயா காவல்?”

அவ்வளவுதான். நாலு பேரும் எழும்பிவிட்டார்கள். காவல் போதாது என்று சொல்கிறான், களவெடுக்க நோட்டம் பார்க்கிறான் என்று தெரு முடிவுவரை துரத்தினார்கள். கூலிப் பாக்கியும் வாங்காமல் மனுசன் ஓடிவிட்டான்.

இரண்டாம் ஞாயிறு அறிவித்தல் வாசித்த கையோடு நிலாவெளியிலிருந்து மாப்பிள்ளையின் தகப்பன் வருவதாகச் செய்தி வந்தது. சொந்தக் கரைவலை வைத்திருக்கும் சம்மாட்டி, பெரிய மனுசன். இடிந்த சுவரோடு அவரை எப்படி வரவேற்பது? சூசைப்பிள்ளை இன்னொரு கடன் வாங்கி, கல் வைத்து, சீமெந்து பூசி, வெள்ளையும் அடித்தார்.

சம்மாட்டியார் வந்து கதிரையில் உட்கார்ந்தார். சுவரைப் பார்க்கவில்லை, பெட்டியைத்தான் பார்த்தார். பிறகு காவலுக்கு இருந்த நாலு பேரைப் பார்த்தார்.

“காசை வீட்டிலயோ வச்சிருக்கிறியள்?”

சங்கம் முறிந்த கதை நிலாவெளிக்கு இன்னும் பஸ் ஏறியிருக்கவில்லை. இப்போது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று சூசைப்பிள்ளை வாயைத் திறந்தார். கதவு இடுக்கில் கிறிஸ்டினின் முகம் தெரிந்தது. வாய் வேறு விதமாகப் பேசிவிட்டது.

“ஓம், ஒரு பாதுகாப்புக்குத்தான்.”

சம்மாட்டியார் தொண்டையைச் செருமினார். “நான் ஆளைத் தெரியாமச் சீதனம் கொஞ்சமாக் கேட்டிட்டன். வள்ளத்துக்கு ஒரு மெசினும் போட்டுத் தந்தியளெண்டால் பொடியனுக்கு உதவியா இருக்கும்.”

“அதுக்கென்ன,” என்றார் சூசைப்பிள்ளை.

இனி அதிகாரியைப் பார்த்துக்கொண்டிருக்க ஏலாது. டொக்யார்டில் கூட வேலை செய்த பிற்றர் மைக்கலைக் கூப்பிட்டார். “அட்மிரலின்ர அலுமாரியையே திறந்தனான். இது என்ன பெரிய கதையோ?” என்றான் மைக்கல். வெள்ளிக்கிழமை மத்தியானம், காவலில் இருவர் ஜும்மாவுக்கும் மற்ற இருவர் சாப்பிடவும் போன சமயம், கம்பியை உள்ளே விட்டான். கம்பி முறிந்தது. வேறு கம்பி விட்டான், அதுவும் முறிந்தது.

“கடுந்துருவடா சூசை. உப்புக் காத்து.”

உளியை வைத்து ஒரு போடு போட்டான். பெட்டிக்கு ஒரு கீறலும் விழவில்லை. விதானையாரின் அரக்கு மாத்திரம் சுக்குநூறாகி நிலத்தில் கொட்டியது. மைக்கல் அதைப் பார்த்தான், சூசைப்பிள்ளையைப் பார்த்தான், ஆயுதங்களைச் சாக்கில் போட்டுக்கொண்டு பின்வாசலால் போய்விட்டான்.

“அரசாங்க முத்திரை! கம்பி எண்ணத்தான் போகப்போறன்!” என்று சூசைப்பிள்ளை தலையில் கைவைத்தார்.

சீலா கோயில் மெழுகுதிரியை உருக்கினாள். அதற்குள் கிறிஸ்டினின் சிவப்புச் சாந்தைக் கலந்து, உடைந்த இடத்தில் ஊற்றினாள். முத்திரைக்கு என்ன செய்வது? கழுத்தில் கிடந்த பதக்கத்தைக் கழற்றி அமுக்கினாள். தூரத்தில் நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியவில்லை.

விதானையார் தூரத்தில் நிற்கவில்லை. அடுத்த நாள் காலையே வந்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். வெகுநேரம் குனிந்தபடியே இருந்தார்.

“நான் குத்தினது அரசாங்க முத்திரை. இப்ப ஆரோ ஒராள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிக்கிறார். ஆர் இவர்?”

“அந்தோனியார், ஐயா,” என்றாள் சீலா. “காணாமப் போன சாமானெல்லாம் தேடித் தாறவர்.”

“அப்ப இரத்தினசிங்கத்தைத் தேடித் தரச் சொல்லும்!”

காவல்காரர் நாலு பேரும் “கள்ளன்! கள்ளன்!” என்று கத்தத் தொடங்கினார்கள். இவ்வளவு நாளும் இந்த வீட்டுப் பாணைத் தின்றவர்கள். சூசைப்பிள்ளைக்கு அந்தச் சொல் உளி மாதிரி இறங்கியது. விதானையார் இரக்கப்பட்டுச் சிறைக்கு அனுப்பாமல் விட்டார். ஆனால் பெட்டியை இன்றைக்கே சூசைப்பிள்ளையின் செலவில் கோர்ட்டுக்குக் கொண்டுவந்து ஒப்படைக்கவேண்டும் என்றார். அதிகாரி திங்கட்கிழமை அங்கே வந்து உடைத்துத் திறப்பாராம்.

எப்படிக் கொண்டுபோவது? வெள்ளையடித்த ஈரம்கூடக் காயாத சுவர் குறுக்கே நின்றது.

“சுவரை இடியுங்கோ,” என்றாள் சீலா. இந்தமுறை அவளே சொன்னாள். சொல்லிக்கொண்டே கைக்காப்பைக் கழற்றி, அடைவு வைக்கச் சொல்லிப் புருஷனிடம் நீட்டினாள்.

சுவர் விழுந்துகொண்டிருக்கும்போதே நிலாவெளி பஸ்ஸில் ஆள் வந்தது. சம்மாட்டியார் எல்லாம் கேள்விப்பட்டுவிட்டார். மூன்றாம் ஞாயிறு அறிவித்தலை வாசிக்க வேண்டாம் என்று பங்குச் சுவாமியாரிடம் சொல்லியாகிவிட்டதாம்.

சூசைப்பிள்ளை இடிந்த கல்லின்மேல் குந்தி அழுதார். ஒளிவு மறைவில்லாமல், ஊர் பார்க்க அழுதார். கிறிஸ்டின் வந்து பக்கத்தில் இருந்தாள்.

“அழாதேங்கோ, அப்பு. காசு எங்கையும் போகேல்லைத்தானே. திங்கட்கிழமை பெட்டியைத் திறந்தால் எல்லாம் சரிவரும்.”

அந்த வார்த்தைதான் அவரை எழுப்பியது. ஓம், மானம் போனது, வீடு போனது, சம்பந்தமும் போனது. காசு போகவில்லை. திங்கட்கிழமை காசைக் கையில் வாங்கிக்கொண்டு நிலாவெளிக்குப் போனால் சம்மாட்டியார் மறுக்கமாட்டார். சுவரையும் கட்டலாம், காப்பையும் மீட்கலாம்.

பெட்டியை ஏற்றப் பக்கீரைத் தவிர ஆள் கிடைக்கவில்லை. அவனும் பழசை மனதில் வைக்காமல் வந்தான். வண்டி நகர்ந்தது. பின்னால் சங்கத்துச் சனம் முழுவதும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடந்தது. எதிரே வந்தவர்கள் பிரேதம் போகிறதென்று நினைத்துச் சைக்கிளை விட்டு இறங்கி நின்றார்கள். நஜ்முன் நிஸா ஒரு கையைப் பெட்டியில் வைத்தபடி, பிள்ளையை நடத்திக்கொண்டு போவதுபோல் நடந்துவந்தாள்.

சூசைப்பிள்ளைக்குப் பக்கீர்மேல் மனம் இளகியது. தான் அன்றைக்குக் கண்டபடி ஏசியவன்தான் இன்றைக்கு உதவுகிறான்.

“பக்கீர், அண்டைக்கு ஏதோ சொல்லவேணும் எண்டாய். நான் விடேல்லை. இப்ப சொல்லு.”

“அது பெரிய சங்கதி இல்லண்ணன். உங்களுக்கெல்லாம் தெரிஞ்சிருக்கும் எண்டுதான் நினைச்சன்.” பக்கீர் மாட்டின் முதுகைத் தடவினான். “நேவி போகக்குள்ள ஏலம் போட்டாங்களே, அதில செக்கிரட்டரி ஐயா எடுத்த இந்தப் பெட்டிய ஏத்திவந்தவன் நான்தான். பழைய இரும்பு விலைக்குத்தான் குடுத்தவங்க.”

“இவ்வளவு பெரிய பெட்டியையோ? ஏன்?”

“சாவி துலைஞ்சி நேவிக்காரனாலயே தொறக்க ஏலாமப் போன பெட்டியெல்லோ, அண்டையிலிருந்து இண்டைவரைக்கும் இத ஒருத்தனும் தொறந்ததில்லையே, அண்ணன்!”