ஏழு ஞாயிறு தாங்கிய பேட்டரி

வில்மார் சாவியைத் திருப்பினான். 'டிக்' என்றது. மறுபடி திருப்பினான். அந்த 'டிக்'கும் இல்லை.

வெளியே மழை. எதிரே அவன் மனைவி மிர்த்தாவின் வீட்டு வாசல். உருகுவேயின் மொந்தேவிதேயோ நகரத்தில் ஞாயிற்றுக்கிழமை காரை ஓரங்கட்டி, மாத்தே தேநீர் உறிஞ்சிக்கொண்டு ரேடியோ கேட்காத ஆண்பிள்ளை கிடையாது. ஆனால் மாமியாரை அடக்கம் செய்த நேரத்தில், கல்லறைக்கு வெளியே காரில் உட்கார்ந்து பந்தாட்ட வர்ணனை கேட்டவன் வில்மார் ஒருவன்தான். மிர்த்தா கோபித்துக்கொண்டு தனி வீட்டுக்கு வந்துவிட்டதில் என்ன தப்பு?

மன்னிப்புக் கேட்கத்தான் ஒன்பது வாரமாக இங்கே வருகிறான். முதல் வாரம், இறங்கத் தைரியம் வராமல் ரேடியோவிலேயே நாற்பது நிமிடம் ஓடிவிட்டது. பழைய பேட்டரி முனகி முனகி, எப்படியோ வண்டி கிளம்பியது. அவள் வாசலில் மாட்டிக்கொண்டிருந்தால்! பதறிப்போய் மறுநாளே புது பேட்டரி போட்டான்.

"இஞ்சின நிறுத்திட்டு ரேடியோ மட்டும்னா மூணு மணி நேரம் தாங்கும். லைட்டு, ஃபேன்னு போட்டீங்க, தொலைஞ்சீங்க" என்றான் மெக்கானிக்.

அதிலிருந்து வாரம் தவறாமல் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்து, வாய்க்குள் மன்னிப்பை ஒத்திகை பார்த்துவிட்டு, பேட்டரி பத்திரமாக இருக்கும்போதே வீடு திரும்பினான்.

இன்று மழை கெடுத்தது. வாசல் தெரியவில்லையே என்று வைப்பரைப் போட்டான். கண்ணாடியில் ஆவி படிந்தது; ஃபேனைப் போட்டான். அதற்கும் அடங்கவில்லை; ஜன்னலை இறக்கினான். இப்போது ஜன்னல் ஏற மறுத்தது, மழை மடியிலேயே பெய்தது. ஹாரனை அழுத்தினால் ஆட்டுக்குட்டி மாதிரி ஓர் ஈனக்குரல்.

ஓட வழியில்லை என்றானபிறகுதான் அவனுக்குத் தைரியம் வந்தது. இறங்கிப் போய் மிர்த்தா வீட்டு மணியை அடித்தான். மூன்று முறை அடித்தான்.

அடுத்த வீட்டுக் கதவு திறந்தது. கார்மேலோ இரண்டு தடித்த ஒயர்களைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான்.

"பேட்டரிதானே, அண்ணே? வாங்க, என் வண்டிலேருந்து சார்ஜ் குடுக்கறேன்."

"அது கெடக்கட்டும்ப்பா. மிர்த்தா இல்லையா?"

"வியாழக்கிழமையே வீட்டக் காலி பண்ணிட்டு, தங்கச்சியோட ஸ்பெயினுக்குப் போயிட்டாங்களே!"

போன ஞாயிறு இறங்கியிருந்தால்கூடப் போதுமே! அழுதுவிடுவோமோ என்று பயந்து, வில்மார் பேச்சை மாற்றினான்.

"நல்ல வேளை, நீயாவது ஒயர் வாங்கி வச்சிருந்தே."

"இது என்னுது இல்லண்ணே. மிர்த்தாக்கா போறப்ப எங்கிட்ட குடுத்துட்டுப் போனது. மொத வாரமே அவங்க வாங்கினது. 'பேட்டரி தீந்துட்டா மனுஷன் கதவத் தட்டித்தானே ஆகணும்'னு, ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் இதக் கையில வச்சுக்கிட்டு கதவுக்குப் பின்னாலயே நின்னாங்க."