தரைக்குத் தோதான பலகை

பலகையைப் பார்த்ததுமே மரக்கடைக்காரர் ஒட்டார் உதட்டைப் பிதுக்கிவிட்டார்.

"வெந்நீர்க் குழாய் மேல இவ்ளோ அகலமான பைன் பலகையா? ஒரே குளிர்காலம் போதும். பலகைக்குப் பலகை நடுவுல விரல் நுழையும், பாத்துக்குங்க."

அஸ்லாக் தேர்ந்தெடுத்த பலகையைக் கீழே வைத்தார். ரோரோஸ் ஊரில் பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற மனுஷன். வீட்டுக்கு ஒரு திரைச்சீலைகூடத் தானாக வாங்கியதில்லை. பழைய தரையைப் பெயர்த்து, அடியில் சூடேற்றும் குழாயும் பதித்தாயிற்று. மனைவி சிக்னேயோ, பலகையை நீங்களே பார்த்து வாங்குங்கள், தரை சூடானதும் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, ட்ரான்ட்ஹைம் நகரில் தன் தங்கை ராக்னா வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் சீக்கிரம் திரும்பி வர வேண்டும். அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

உடனே அவளுக்குப் போன் போட்டார். பிர்ச் மரப் பலகை பாருங்களேன் என்றாள். தடியாக இருந்தால்தான் உழைக்கும் என்று இவராகவே முடிவு கட்டி, கனத்த பிர்ச்சாக வாங்கினார். இந்தத் தடிமனைத் தாண்டிச் சூடு மேலே வருவதற்குள் ஈஸ்டரே வந்துவிடும் என்றார் ஒட்டார். மறுபடி போன். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டாள். ரொட்டியும் பழுப்புச் சீஸும் என்றார். மூன்று வேளையுமா என்றாள். அரை மணி நேரம் ஓடிவிட்டது.

அடுத்து, குறுகலான ஓக் மரப் பலகை. ஒட்டாரே தலையாட்டிவிட்டார். ஆனால் பலகை பத்து நாள் அறையிலேயே கிடந்து வீட்டுக்குப் பழகிய பிறகுதான் பதிக்க வேண்டுமாம். பத்து நாள் யார் காத்திருப்பது? அஸ்லாக் சூட்டை முழுசாகத் திருகிவிட்டார். காலையில் பார்த்தால் பலகை பூராவும் தொட்டில் மாதிரி வளைந்து கிடந்தது. போனில் அதைச் சொல்லிப் புலம்ப, சிக்னே சிரித்த சிரிப்பில் இவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு ஒரு மணி நேரம் பேசினார்கள்.

புது ஓக் வாங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு பத்து நாளும் பொறுத்து, ஒருவழியாகத் தரையைப் போட்டு முடித்தார். கால் வைத்தால் அவ்வளவு இதம்.

"முடிஞ்சுது சிக்னே. வந்துடு."

 பார்க்கலாம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

ஒரு வாரம் ஆயிற்று. ஆள் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. என்ன தப்புப் பண்ணினோம் என்று தெரியாமல் தவித்துப்போய் ரயிலேறிவிட்டார். கதவைத் திறந்த ராக்னா வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"தரை நல்லா வந்திருக்கு ராக்னா. இன்னும் அவளுக்கு என்னதான் குறை?"

"அதான் அத்தான் குறை. முப்பது வருஷத்துல நீங்க அக்காகிட்ட வாய் திறந்து பேசினது இந்த ரெண்டு மாசந்தான். உள்ள போய், ஒரு பலகையாவது சரியில்லைன்னு சொல்லுங்க."